நுரையீரல் வந்து சேரும்வரை, சேர்ந்த பிறகு

நுரையீரல் மாற்று அறுவை பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, இந்தச் சிகிச்சையில் ஈடுபட்டிருக்கும் மருத்துவர்களும் ஒருங்கிணைப்பாளர்களும் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரருக்கு நுரையீரல் இறுகிச் சுருங்கும் நோய். சென்னையில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. டிவியில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த ஐஸில் நுரையீரல் விறைத்துப்போகாதா? பெட்டிக்குள் வைப்பதற்கு முன் என்னதான் செய்கிறார்கள்?
— காரைக்குடி வாசகி

பதில்: ஐஸ் நுரையீரலைத் தொடவே கூடாது. தொட்ட இடம் உறைந்தால் அந்தத் திசு பிறகு வேலைக்கு ஆகாது. நீங்கள் டிவியில் பார்க்கும் பெட்டி கடைசிக் கட்டம். நுரையீரலைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி, தானம் கொடுப்பவரின் நெஞ்சுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

முதலில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், உடல் எடையில் கிலோவுக்கு 300 யூனிட் அளவில் போடுவார்கள். அடுத்து நுரையீரலுக்குப் போகும் பெரிய தமனியில் ஒரு குழாய் செருகி, அதன் வழியாக 500 மைக்ரோகிராம் புரோஸ்டாகிளாண்டின் கொடுப்பார்கள். குளிர்ந்த திரவம் பட்டதும் ரத்தக்குழாய்கள் சுருங்கப் பார்க்கும். சுருங்கினால் திரவம் எல்லா மூலைக்கும் போகாது. அதைத் தடுக்கத்தான் இந்த மருந்து. பிறகு, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியை இறுக்கி மூட ஓர் இடுக்கி, அதாவது கிளாம்ப், போடுவார்கள். ‘கிளாம்ப் டைம்’ என்று எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்வது அந்த நிமிடத்தைத்தான். நுரையீரல் ரத்தமில்லாமல் இருக்கும் நேரக் கணக்கு அங்கே தொடங்குகிறது.

உடனே 4 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் பாதுகாப்புத் திரவம் உள்ளே போகும். அளவு, கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. எழுபது கிலோ ஆள் என்றால் நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் முன்பின். பையை இதயத்துக்கு மேலே ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டால் போதும், தானாக இறங்கும். அவசரப்பட்டுப் பையை அழுத்தக் கூடாது. நாற்றங்காலுக்குப் பூவாளியில் தண்ணீர் விடுவதுபோல விட வேண்டிய இடத்தில் பம்ப்செட்டைத் திறந்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்: மெல்லிய நுண்குழாய்களின் சுவர் சேதமாகி, நுரையீரல் நீர் கோத்துக்கொள்ளும். உள்ளே போன திரவம் வெளியேற இதயத்தின் இடது மேலறையின் நுனியை வெட்டித் திறந்துவிடுவார்கள். அங்கே முதலில் ரத்தச் சிவப்பாக வந்து, போகப் போகத் தெளிந்த நீராக வரும். இளஞ்சிவப்பாக இருந்த நுரையீரலும் வெளுத்துவிடும். எங்காவது திட்டாகச் சிவப்பு தங்கியிருந்தால் அந்தப் பகுதிக்குத் திரவம் போகவில்லை என்று பொருள்.

இவ்வளவும் நடக்கும்போது வென்டிலேட்டரை நிறுத்துவதில்லை. காற்று போய் விரிந்திருந்தால்தான் திரவம் சமமாகப் பரவும்.

வெளியே எடுத்த பிறகு இன்னொரு தடவை, இந்த முறை எதிர்த் திசையில், நான்கு நுரையீரல் சிரைகளிலும் சிரைக்கு 250 மி.லி. வீதம் விடுவார்கள். தமனிக்குள் ஒளிந்திருக்கும் சிறு ரத்தக்கட்டிகளும் கொழுப்புத் துணுக்குகளும் அப்போதுதான் வெளியே வந்து விழும். விபத்தில் கால் எலும்பு முறிந்தவர் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்ததுதான் நுரையீரலுக்கு மட்டுமே உரிய விஷயம். சிறுநீரகம், கல்லீரல், இதயம் எல்லாம் ரத்தம் நின்றதும் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். நுரையீரலுக்கோ காற்றறைகளில் இருக்கும் ஆக்சிஜனே நேரடியாகக் கிடைக்கும். அதனால் அதை முழுதாகச் சுருங்கவிடாமல், பாதி ஊதிய நிலையில், 50 சதவீத ஆக்சிஜன் கலந்த காற்றோடு, மூச்சுக்குழாயில் ஸ்டேப்ளர் அடித்து மூடுவார்கள். உள்ளழுத்தம் 15 முதல் 20 செ.மீ. நீர் அளவு. நூறு சதவீத ஆக்சிஜன் வைத்தால் என்ன என்று கேட்கலாம். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் திசுவை அரிக்கும். நைட்ரஜன் இல்லாததால் காற்றறைகளும் மெல்ல மடங்கிவிடும். அதிகமாக ஊதுவதும் ஆபத்து. விமானம் மேலே போனால் கேபின் அழுத்தம் குறைந்து, அடைபட்ட காற்று கால் பங்குக்கும் மேல் விரியலாம்.

இதற்குப் பிறகுதான் பை. முதல் பையில் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தில் மூழ்க வைத்து, காற்றை வெளியேற்றிக் கட்டி, அதன்மேல் இரண்டாவது பை, மூன்றாவது பை போட்டு, ஐஸ் உள்ள பெட்டியில் வைப்பார்கள். நடுவில் திரவம் இருப்பதால் ஐஸ் நேரே படாது.

அந்தத் திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு சிறுநீரகத்துக்குப் பயன்பட்ட, பொட்டாசியம் மிகுந்த யூரோ-காலின்ஸ் கரைசலையே நுரையீரலுக்கும் விட்டார்கள். அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 115 மில்லிமோல். அவ்வளவு பொட்டாசியம் நுரையீரல் தமனிகளைச் சுருக்கிவிடும். இப்போது உலகெங்கும் வழக்கத்தில் இருக்கும் பெர்ஃபாடெக்ஸ் என்ற கரைசலில் பொட்டாசியம் 6 மில்லிமோல்தான், கூடவே 5 சதவீத டெக்ஸ்ட்ரான். டெக்ஸ்ட்ரான் நீரை ரத்தக்குழாய்க்குள்ளேயே பிடித்து வைக்கும். மிச்சமிருக்கும் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். பழைய வகைப் பையில் கால்சியத்தையும் அமிலத்தைச் சமன்படுத்தும் மருந்தையும் தியேட்டரில்தான் கலக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அதை மறந்துவிடாமல் இருக்க, கலப்பவர் ஒருவர், சத்தமாகச் சரிபார்ப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: மதுரையில் தானம் கிடைத்து, நோயாளி சென்னையில் இருந்தால் நேரம் போதுமா?
— தேவகோட்டை வாசகர்

பதில்: போதும், கணக்காகப் போனால். ஐஸ் முறையில் 6 முதல் 8 மணி நேரம் என்பது நெடுநாள் நடைமுறை.

கிளாம்ப் போட்டதிலிருந்து பெட்டியோடு தியேட்டரை விட்டுக் கிளம்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். விமான நிலையத்துக்கு அரை மணி, ஏற இறங்கச் சிறிது நேரம், பறப்பது ஒரு மணிக்குச் சற்று மேல், சென்னையில் போலீஸ் வழிவிட்டுக் கொடுத்தால் இன்னொரு அரை மணி. ஆக மூன்றரை மணி. முதல் நுரையீரலைப் பொருத்தி ரத்தம் விட ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இரண்டாவதற்கு இன்னும் ஒன்றரை, இரண்டு மணி. இரண்டாவது நுரையீரல்தான் எப்போதும் அதிக நேரம் காத்திருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் வரும் ஆறரை மணிக் கணக்கு அதற்குத்தான். காரைக்குடியிலோ சிவகங்கையிலோ தானம் கிடைத்தால், மதுரை அல்லது திருச்சி விமான நிலையம் போகும் சாலை நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னைவரை காரிலேயே போவது இந்தக் கணக்கில் அடங்காது.

நேரம் வீணாவது பெரும்பாலும் சாலையில் அல்ல. எடுக்கப் போன சர்ஜன் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டு (பிராங்கோஸ்கோபி) பார்த்து, கையால் தொட்டுப் பார்த்து, ‘நல்ல நுரையீரல்’ என்று போனில் சொன்ன பிறகுதான் இங்கே நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். அந்த போன் தாமதமானால் எல்லாம் தாமதம். நோயாளிக்கு ஏற்கெனவே நெஞ்சில் அறுவை நடந்து உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் பழைய நுரையீரலைப் பிரித்தெடுக்கவே இரண்டு மணி போகும். அதை முன்கூட்டியே கணக்கில் வைத்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆறு மணி தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் நல்ல நுரையீரலை யாரும் தூக்கிப்போடுவதில்லை. தானம் கொடுத்தவருக்கு வயது அதிகம், புகைப்பழக்கம் இருந்தது, அதோடு நேரமும் நீண்டது என்று இரண்டு மூன்று சேர்ந்தால்தான் யோசிப்போம்.

கேள்வி: ஐஸ் வேண்டாம், 10 டிகிரி போதும் என்று இப்போது சொல்கிறார்களாமே? குளிர்ச்சி கூடினால் நல்லதுதானே?
— புதுவயல், கல்லூரி மாணவர்

பதில்: குளிர்ச்சி கூடக்கூடத் திசுவின் ஆக்சிஜன் தேவை குறையும், உண்மை. 37 டிகிரியில் இருப்பதில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு, ஐஸ் குளிர்ச்சியில் இறங்கிவிடும். ஆனால் அந்தக் குளிரில் செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பும் நின்றுவிடும். சோடியம் உள்ளே புகும், அதன் பின்னால் தண்ணீர் புகும், செல் வீங்கும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அடிபடும். 10 டிகிரியில் தேவை 10 சதவீதம் அளவுக்கு இருக்கும். காற்றறைகளில் இருக்கும் ஆக்சிஜனே அதற்குப் போதும், மைட்டோகாண்ட்ரியாவும் பிழைத்துக்கொள்ளும்.

இது புதிய யோசனை இல்லை. 1980-களின் பிற்பகுதியில் டொரன்டோவில் விலங்குகளில் நடந்த ஆய்விலேயே 10 டிகிரிதான் சிறந்தது என்று கண்டார்கள். ஆனால் ஐஸ் எங்கும் கிடைத்தது. 10 டிகிரியை மாறாமல் பிடித்து வைக்கும் பெட்டி இல்லை. அதனால் உலகம் ஐஸ் பக்கமே போய்விட்டது. அதே டொரன்டோ குழு 2021-ல் மறுபடி கையில் எடுத்து, 2023-ல் நோயாளிகளிடம் பார்த்த முடிவுகளை வெளியிட்டது. பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டி வைத்த நுரையீரல்கள்கூட நன்றாகவே வேலை செய்தன.

எங்களைக் கேட்டால், இதில் பெரிய லாபம் நடு இரவு அறுவையைக் காலைக்குத் தள்ள முடிவது. இரவு பத்து மணிக்கு எடுத்த நுரையீரலைக் காலை ஏழு மணிக்கு, தூங்கி எழுந்த குழு பொருத்தலாம். தென் மாவட்டங்களிலிருந்து கடைசி விமானத்தைத் தவறவிட்டாலும் முதல் விமானம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜிலோ சாதாரணத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸைக் குறைத்துப் போட்டோ இதைச் செய்ய முடியாது. வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே போகும் கருவி வேண்டும். 10 டிகிரி என்று நினைத்து 16-ல் கொண்டுவந்தால் ஐஸே மேல்.

கேள்வி: உடலுக்கு வெளியே நுரையீரலை மூச்சுவிட வைக்கும் மெஷின் இருக்கிறதாமே? அப்படியானால் ஐஸ் பெட்டி எதற்கு?
— கண்டனூர் வாசகர்

பதில்: அந்த மெஷினின் முதல் வேலை நுரையீரலைச் சோதித்துப் பார்ப்பது. அதைச் சேமித்து வைக்கும் பெட்டியாக நினைக்க வேண்டாம். சந்தேகமான நுரையீரலை வெளியே வைத்து ஓட்டிப் பார்த்து, தேறினால் பொருத்துவது, தேறாவிட்டால் விட்டுவிடுவது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் டாக்டர் ஸ்டீனின் குழு 2000-ல் இதயம் நின்றுபோன ஒருவரின் நுரையீரலை இப்படிச் சோதித்துப் பொருத்தியது. 2011-ல் டொரன்டோ குழுவின் முடிவுகள் வந்தபிறகு உலகெங்கும் பரவியது.

ஒரு கண்ணாடிக் கூண்டில் நுரையீரலைக் கிடத்தி, தமனியில் ஒரு குழாய், இடது மேலறையில் ஒரு குழாய் தைப்பார்கள். ரத்தத்துக்குப் பதில் அல்புமினும் டெக்ஸ்ட்ரானும் கலந்த ஸ்டீன் கரைசல் சுற்றிவரும். ஆரம்பத்தில் மிக மெதுவாக விட்டு, அரை மணி நேரத்தில் சூடாக்கி, 32 டிகிரி வந்ததும் வென்டிலேட்டரைத் தொடங்குவார்கள். ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 7 மி.லி. காற்று, நிமிடத்துக்கு 7 மூச்சு. ஓட்டம் அந்த ஆளின் இதயம் தள்ளும் அளவில் 40 சதவீதம்தான். முழு வேகத்தில் விட்டால் நீர் கோக்கும். திரவத்திலிருந்து ஆக்சிஜனை எடுத்துவிட்டு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து அனுப்புவார்கள். அப்போதுதான் நுரையீரல் தானாக ஆக்சிஜன் ஏற்றுகிறதா என்று தெரியும். மணிக்கொரு முறை ஆக்சிஜன் அளவு, விரியும் தன்மை, தமனி அழுத்தம் பார்ப்பார்கள், எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரம். ஆக்சிஜன் எண் நன்றாக இருந்து நுரையீரல் மட்டும் மணிக்கு மணி விறைத்துக்கொண்டே போனால் நாங்கள் எண்ணை நம்புவதில்லை. ரத்தமில்லாத திரவத்தில் ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் விழும்; விறைப்பு முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

செலவு மிக அதிகம். ஐந்தில் நான்கு நல்ல நுரையீரலுக்கு இது தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து.

கேள்வி: எங்கள் அப்பச்சி விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தோம். சிறுநீரகம், கல்லீரல், கண் எடுத்துக்கொண்டார்கள். நுரையீரல் மட்டும் ஆகாது என்றுவிட்டார்கள். சிகரெட்டைக் கையால் தொடாதவர். மனசுக்கு உறுத்தலாகவே இருக்கிறது.
— திருப்பத்தூர் (சிவகங்கை) வாசகர்

பதில்: உறுத்த வேண்டாம். உறுப்பு தானம் நடக்கும் பல இடங்களில் நுரையீரல் பயன்படுவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். அப்பச்சியின் பழக்கவழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

விபத்தில் நினைவு தப்பியதும் வாந்தி உள்ளே போயிருக்கலாம். மார்பில் அடிபட்டு நுரையீரல் கன்றிப்போயிருக்கலாம். மூளைச்சாவின்போது உடலில் அட்ரினலின் அலையாக எழும்பும்; அதில் நுரையீரல் நீர் கோக்கும். வென்டிலேட்டரில் மூன்று நான்கு நாள் இருந்தாலே நிமோனியா தொற்றிக்கொள்ளலாம். சிறுநீரகத்தைக் காப்பாற்ற நிறைய குளுக்கோஸ், சலைன் ஏற்றினால் அதே திரவம் நுரையீரலில் தேங்கும். ஒரு உறுப்புக்கு நல்லது மற்றதற்குக் கெடுதல்.

இதில் மருத்துவமனைகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும். அந்தச் சோதனையில் வென்டிலேட்டரைக் கழற்றி, தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சில நிமிடங்களில் நுரையீரல் மடங்கிவிடும். அழுத்தம் குறையாமல் காற்றுவிட்டபடியே சோதித்தால் மடங்காது. வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. காற்று, மூச்சின் முடிவில் 8 முதல் 10 செ.மீ. நீர் அளவு அழுத்தம் என்று வைத்தால் எவ்வளவு மாறும் என்பதை 2010-ல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது: பழைய முறையில் 27 சதவீதம் பேரின் நுரையீரல்தான் பயன்பட்டது, இந்த முறையில் 54 சதவீதம். மெஷினும் இல்லை, புது மருந்தும் இல்லை. வென்டிலேட்டரில் திருகிய நான்கைந்து எண்கள்.

2008-ல் சென்னையில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுக்க அவனுடைய பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வேகம் பிடித்தது. 2023 செப்டம்பரிலிருந்து தானம் கொடுப்பவர்களுக்கு அரசு மரியாதை செய்கிறார்கள். உங்கள் குடும்பம் கொடுத்ததும் அந்த வரிசையில்தான். ஒன்று எடுக்கவில்லை என்பதால் எதுவும் குறைந்துவிடாது.

கேள்வி: ஆண் நுரையீரலைப் பெண்ணுக்கு வைக்கலாமா?
— கோனாபட்டு வாசகி

பதில்: வைக்கலாம். ரத்த வகை பொருந்த வேண்டும், அளவு பொருந்த வேண்டும். அளவை உயரத்திலிருந்து கணக்கிடுவார்கள், எடையிலிருந்து அல்ல. ஆணுக்கு, மீட்டரில் உயரத்தை 7.99-ஆல் பெருக்கி 7.08 கழிக்க வேண்டும்; பெண்ணுக்கு 6.60-ஆல் பெருக்கி 5.79 கழிக்க வேண்டும். 160 செ.மீ. ஆணுக்கு 5.7 லிட்டர், அதே உயரப் பெண்ணுக்கு 4.8 லிட்டர். கொஞ்சம் பெரிதாக இருந்தால் தாங்கும். ஆனால் நுரையீரல் இறுகிச் சுருங்கியவர்களுக்கு நெஞ்சுக்கூடும் சுருங்கியிருக்கும். அவர்களுக்குப் பெரிய நுரையீரல் உள்ளே மடங்கிக் கிடக்கும். முன்பு பலமுறை ரத்தம் ஏற்றியவர்கள், பிள்ளை பெற்றவர்கள் ஆகியோருக்கு, பிறர் உறுப்பைத் தாக்கும் எதிர்ப்பணுக்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்ற சோதனையை இன்னும் கூர்மையாகப் பார்ப்போம்.

கேள்வி: ‘முதல் மூன்று நாள் தாண்டட்டும்’ என்கிறார்கள். அந்த மூன்று நாளில் என்ன நடக்கும்?
— பள்ளத்தூர் வாசகர்

பதில்: பெட்டியில் இருந்த மணி நேரங்களின் பலன் தெரிவது அப்போதுதான். குளிரில் பட்ட சேதம் குளிரில் தெரியாது. சூடான ரத்தம் பாயும்போதுதான் வெளியே வரும். அதனால் பொருத்தி முடித்ததும், நுரையீரல் தமனியில் போட்டிருக்கும் கிளாம்பை ஒரேயடியாகத் திறக்காமல் பத்து நிமிடம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். அப்போது ஆக்சிஜனையும் குறைவாகவே விடுவார்கள்.

ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுத்து வரும் எண்ணை 72 மணி நேரம் தொடர்ந்து பார்ப்போம். எக்ஸ்ரேயில் வெள்ளை படர்ந்து, அந்த எண் 200-க்குக் கீழே போனால் ஆரம்பச் சேதம் கடுமையான வகை. 100 சதவீத ஆக்சிஜனில் 150 என்றால் எண்ணும் 150. 40 சதவீதத்தில் 120 என்றால் 300, அது பரவாயில்லை. கடுமையானால் வென்டிலேட்டரை மென்மையாக வைத்து, நைட்ரிக் ஆக்சைடு கொடுத்து, தேவைப்பட்டால் ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ மெஷினில் சில நாள் வைத்துத் தாண்டவைப்போம். நுரையீரலின் நிணநீர்க் குழாய்களைத் தைப்பதில்லை என்பதால் தேங்கும் நீர் வடிய வழி குறைவு. நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டாலும் அளவாகத்தான் கொடுப்பார்கள். உறவினர்கள் பரிதாபப்பட்டு இளநீர் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: மாற்றிய பிறகு எத்தனை வருஷம்? மறைக்காமல் சொல்லுங்கள்.
— ஆத்தங்குடி வாசகர்

பதில்: சர்வதேசப் பதிவேட்டின்படி 2010-க்கும் 2017-க்கும் இடையில் செய்துகொண்ட பெரியவர்களில் பாதிப் பேர் 6.7 ஆண்டுக்கு மேல் இருந்தார்கள். 1990-களில் இது ஐந்துக்கும் கீழே. சிறுநீரகம், கல்லீரலோடு ஒப்பிட்டால் குறைவுதான். காரணம், நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றைச் சந்திக்கிறது.

முதல் வருஷத்தில் இழப்பு தொற்றாலும் ஆரம்பச் சேதத்தாலும். பிறகு, நாள்பட்ட நிராகரிப்பு; அதாவது புது நுரையீரலை உடல் ஏற்காமல் மெல்ல மெல்லத் தாக்குவது. ஐந்து வருஷத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது வருகிறது. ஒரு நொடியில் ஊதித்தள்ளும் காற்றின் அளவு, அவரவரின் சிறந்த அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்து அப்படியே நின்றால் அந்தப் பெயர் வைப்போம். மூச்சுத்திணறல் தெரிய ஆரம்பிக்கும் முன்பே அந்த எண் காட்டிவிடும். ஆகவே வீட்டில் கையடக்க ஸ்பைரோமீட்டர் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், மூன்று முறை ஊதி, சிறந்ததை நோட்டில் எழுதுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து 10 சதவீதம் குறைந்தால் அன்றைக்கே போன். ‘அடுத்த வாரம் செக்கப் வருகிறதே’ என்று காத்திருப்பதில்தான் கைவிட்டுப் போகிறது.

கேள்வி: மாத்திரை ஒரு வேளை தவறினால்? நாட்டு மருந்து சேர்த்துக்கொள்ளலாமா?
— கொத்தமங்கலம் வாசகி

பதில்: நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை 12 மணிக்கொரு முறை. காலை எட்டு என்றால் இரவு எட்டு. சில மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மருத்துவமனையைக் கேளுங்கள். இரண்டை ஒன்றாகப் போடக் கூடாது. அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் காலையில், ரத்தம் எடுத்த பிறகுதான் மாத்திரை. போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும், டாக்டர் மாத்திரையைக் குறைப்பார், நிராகரிப்பு தொடங்கும். அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம், மருந்து அளவை ஏற்றிவிடும். பூஞ்சைக்கான மாத்திரைகளும், கிளாரித்ரோமைசினும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தலைகீழாக இறக்கும். வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சீந்தில், அமுக்கரா முதலான, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கும் எதுவும் வேண்டாம். நாம் மாத்திரை போட்டுக் குறைத்து வைத்திருப்பதே அந்த எதிர்ப்பு சக்தியைத்தான்.

கேள்வி: என் தம்பிக்கு மாற்று அறுவை முடிந்து ஏழு மாதம். கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கே வந்து தங்க ஆசைப்படுகிறான். பிள்ளையார் நோன்பும் வருகிறது. அழைத்து வரலாமா?
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஊருக்கு வரலாம் ஆச்சி. அந்த வீட்டில் தங்குவது வேறு விஷயம்.

பூட்டிக் கிடந்த வீட்டில் தூசியோடு அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும். புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் இருக்கும். தம்பிக்கு முதலில் நுரையீரல் கெட்டதே எதனால் என்று கேட்டுப் பாருங்கள். புறா அடையும் வீட்டில் வருஷக்கணக்கில் இருந்தவர்களுக்கு ஒவ்வாமையால் நுரையீரல் இறுகும் நோய் வருவதுண்டு. அதுதான் காரணம் என்றால் புது நுரையீரலை அதே வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது.

வந்துதான் ஆக வேண்டும் என்றால், வளவு வாசல் ஓரமும் பட்டாலை மூலையும் விட்டத்து இடுக்கும் முன்கூட்டியே சுத்தமாகட்டும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவைத்து, ஈரத்துணியால் எடுக்க வேண்டும். இந்த வேலை நடக்கும்போதும் அடுத்த சில நாளும் தம்பி அங்கே இருக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டுவது, பழைய மரத்தை அறுப்பது, பரணிலிருந்து பித்தளைச் சாமான் இறக்குவது எல்லாம் அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே முடியட்டும். படுக்க, மேலே புறா நுழைய வழியில்லாத ஒரே ஒரு அறையைத் தயார் செய்யுங்கள். இரண்டாங்கட்டில் விறகடுப்பு எரிந்தால் அவர் முன்கட்டிலேயே இருக்கட்டும். யாராவது சாந்தி (அறுபது, எண்பது கல்யாணம்) வைத்திருந்தால் போகலாம். ஹோமம் முடிந்து புகை அடங்கிய பிறகு, மாஸ்க்கோடு, சாப்பாட்டு நேரத்துக்கு. ஊருணித் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். பணியாரம், கந்தரப்பம் எல்லாம் சட்டியிலிருந்து சூடாக எடுத்துக் கொடுங்கள். காலையில் அரைத்த சட்னியை மாலைக்கு வைக்காதீர்கள். ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சேர்ந்து சர்க்கரையை ஏற்றும் என்பதால் இனிப்பில் ஒன்றோடு நிறுத்துங்கள்.

நோன்பில் இழை எடுத்துக்கொள்வதைப் பற்றி: எரியும் திரியோடு மாவை வாயில் போட்டு விழுங்குவது தம்பிக்கு வேண்டாம். மாற்று நுரையீரலுக்கு நரம்புத் தொடர்பு அறுந்துவிடுவதால், தையலுக்குக் கீழே ஏதாவது இறங்கினால் இருமலே வராது. மாவுத் துணுக்கு உள்ளே போனது யாருக்கும் தெரியாமல் நிமோனியாவாக முடியும். அறுவைக்குப் பிறகு சிலருக்கு விழுங்குவதிலும் தடுமாற்றம் இருக்கும். மூத்தவர்களைக் கேட்டு, அவருக்கான இழையை வீட்டில் இன்னொருவர் எடுத்துக்கொள்ளட்டும். தம்பி உட்கார்ந்த நிலையில், மாவைச் சிறு உருண்டையாக, வெந்நீரோடு எடுத்துக்கொள்ளலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் படுக்கக் கூடாது. எதுக்களித்து மேலே வரும் அமிலமும் நுரையீரலைக் கெடுக்கும். தலைமாட்டுப் பக்கம் கட்டில் காலுக்கு அடியில் அரை அடி கட்டை வையுங்கள்.

வரும்போது ஸ்பைரோமீட்டரும் இரண்டு வாரத்துக்குக் கூடுதல் மாத்திரையும் கையில் இருக்க வேண்டும். டாக்ரோலிமஸ் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. கம்பெனி மாறினாலும் ரத்த அளவு மாறும். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் போட்டு மறுநாள்வரை பார்க்காமல், முதலில் மாற்று அறுவை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு, அவர்கள் சொல்லும் இடத்துக்கு அன்று இரவே கிளம்புங்கள்.